இலங்கைப் பிரயாணத்துக்கு முன்

வருகின்ற பள்ளி விடுமுறையில் நாமும் நம் துணைவியாரும் இலங்கைக்குச் சென்று வருவதென்று நிச்சயித்திருக்கிறோம். துணைவியார் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நாமோ கிள்ளானுக்குத் தெற்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி. இருவருக்கும் ஒருங்கே ஓய்வு கிடைப்பது அரிதாகலின் இரண்டு வாரமே வாய்த்தது. செப்பாங்கில் விமானம் ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் கொழும்பை அடையலாம். இதனைப் பெரும் பிரயாணமென்று எழுதப் புகுவானேன் என்று நேயர்கள் வினவக்கூடும். நம் பாட்டனார் அத்தீவை விட்டுக் கப்பலேறித் தொண்ணூறு ஆண்டுகள் ஆகின்றன. அவர் வழியில் இதுகாறும் ஒருவரும் திரும்பிச் சென்றதில்லை. சென்ற ஆறு மாதமாக நாம் செய்துவரும் ஆயத்தங்களை நோக்குமிடத்து, விமானத்தில் கழியும் மூன்றரை மணி நேரம் மிகச் சிறு பகுதியாகவே தோன்றுகின்றது.

பிரிக்பீல்ட்ஸில் பிரயாணச் சீட்டு விற்கும் கடையொன்றில் வழவழப்பான துண்டுப் பிரசுரம் ஒன்று கொடுத்தார்கள். சிகிரியாக் குன்று, பின்னவலை யானைகள், தென்கடற்கரை, எல்லைக்கு அருகே காட்டின் நடுவே நிற்கும் ஒன்பது வளைவுப் பாலம் ஆகிய யாவும் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் அச்சாகியிருந்தன. கடைசிப் பக்கத்தில் முதுகில் கூடை சுமந்த பெண்ணொருத்தி தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று சிரிக்கிறாள். பாலத்துக்குப் பெயர் போட்டிருந்தது; யானைகளின் இருப்பிடத்துக்குப் பெயர் போட்டிருந்தது; அவளுக்குப் பெயர் இல்லை. துணைவியார் அப்படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "எங்க பெரியத்தை மாதிரியே இருக்காங்க" என்றார். விளையாட்டாகச் சொன்ன சொல்லன்று அது. அதன் காரணத்தைச் சொல்லவேண்டுமாயின் நம் இரு குடும்பங்களின் கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நம் பாட்டனார் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்கு அண்மையிலுள்ள ஓர் ஊரினர். ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர்கள் அந்நாளில் மலாயாவுக்கு வந்து ரயில்வேயிலும், ஆஸ்பத்திரியிலும், தோட்டத்து ஆபீசிலும் அமர்ந்தார்கள். ரயில்வேயில் அமர்ந்தவர்கள் பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸில் குடியேறினார்கள். கோயில், வாசகசாலை, கல்யாணப் பேச்சு எல்லாம் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். நம் பாட்டனாருக்குத் தோட்டம் வாய்த்தது. ரப்பர் தோட்டத்தில் கிராணியானார். அவர் மகனும் கிராணி. பேரனாகிய நம்மைக் கட்டணம் செலுத்தி ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கவைத்தார்கள், துரைமார்போல் ஆவோமென்று. நாம் கிராணியானோம். தமிழை இரவு நேரத்தில் தாயாரிடம் கற்றதுதான். இக்கட்டுரையிற் காணும் பிழைகளுக்கு அது காரணமாகலாம்.

துணைவியாரின் பாட்டனார் திருச்சி ஜில்லாவினர். வீட்டில் சகோதரர் இருவர். பஞ்சம் என்று சொல்லாவிடினும் பஞ்சத்துக்கு அடுத்த நிலை. மூத்தவரைக் கங்காணி ஒருவர் மண்டபம் வழியாக இலங்கைக்கு அழைத்துச் சென்றார். இளையவர் 1936ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கினார். இரண்டு ஆண்டு பிந்தியிருந்தால் வந்திருக்கவே முடியாது. 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதை நிறுத்திவிட்டது. மூத்தவர் கொழுந்து பறிக்கும் மலைக்கும், இளையவர் பால்மரம் சீவும் சமவெளிக்குமாகப் பிரிந்தார்கள். அதன்பின் இருவரும் நேரிற் கண்டதில்லை.

இளையவர் வந்து சேர்ந்த தோட்டத்தில்தான் நம் பாட்டனார் கிராணியாயிருந்தார்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த வரலாறு இந்நாட்டுத் தமிழருட் பலர் அறிந்ததே. சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்குப் படிப்பு, மருத்துவ வசதி, பெண்களுக்கு நேரும் தொல்லைக்கு முடிவு ஆகியன அவர்கள் கோரியவை. அக்கோரிக்கைகளுள் ஒன்று இன்றைய பிள்ளைகளுக்குச் சிரிப்பை உண்டாக்கலாம். வெள்ளைத்துரை எதிர்ப்பட்டாலும் ஆபீஸ் உத்தியோகஸ்தர் எதிர்ப்பட்டாலும் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பது அது. ஆசியக் கிராணிமார் சிலரை விலக்கவேண்டும் என்பது மற்றொன்று. போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் கைதாகி நாடுகடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர்.

நம் வீட்டில் இவ்வரலாற்றை ஒருவரும் பேசியதில்லை. நம் திருமணம் நிச்சயமான தினத்தில், மாமனார் வெற்றிலைத் தட்டை நம் பக்கம் நகர்த்திக்கொண்டே, "உங்க தாத்தா வீட்டு முன்னாடி எங்கப்பா ஒரு நாளும் சைக்கிள்ல ஏறிப் போனதில்ல மாப்ள, உருட்டிக்கிட்டுத்தான் போவாரு" என்றார். குரலிற் கோபம் இல்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நமக்கு வாயிலிட்ட வெற்றிலை விழுங்கவில்லை. நம்மவர் பக்கத்திலோ அத்திருமணத்துக்கு வராதவர் பலர். வந்தவருள்ளும் சிலர் பந்தியில் உட்காராமலே போயினர். ஜாதி என்னும் சொல்லை எவரும் உச்சரிக்கவில்லை. "தோட்டக்காட்டார்" என்று மட்டும் சொன்னார்கள். இலங்கையில் யாழ்ப்பாணத்தார் மலையகத்தாரை இகழ்ந்து வழங்கிய சொல்லேதான். பாட்டனார் கப்பலேறியபோது டிரங்குப் பெட்டியில் என்னென்ன கொண்டுவந்தாரோ, இச்சொல் மட்டும் பழுதுபடாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

நிற்க. இலங்கைப் பிரயாணம் என்றவுடன் பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடியில் வசிக்கும் நம் மாமியாரிடம், அதாவது தந்தையாரின் தமக்கையாரிடம், சொல்லி வரச் சென்றோம். எண்பது வயது. யாழ்ப்பாணத்தைக் கண்ணாற் கண்டதில்லை. ஆனால் பேச்சு இன்றும் யாழ்ப்பாணம்தான். மகிழ்ச்சியால் அழுதுவிட்டார். "தம்பி, நல்லூரானைக் கும்பிட்டு, கீரிமலையிலே தீர்த்தமாடி வாங்கோ" என்றார். அட்டனுக்கும் போகிறோம் என்று சொன்னோம். முகம் மாறிற்று. "மலைநாட்டிலே எங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம்?" என்றார். துணைவியார் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்து, "எங்க ஆளுங்க இருக்காங்க மாமி" என்றார். நாம் வாளாவிருந்தோம். அவ்விடத்தில் நாம் பேசியிருக்கவேண்டும். பேசாத அக்குறை இன்றும் உறுத்துகிறது; இக்கட்டுரை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அன்றிரவு முதல் புத்தகங்களைப் புரட்டலானோம். 1948இல், சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், இலங்கை பாராளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவராயினர். 1947 தேர்தலில் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952 தேர்தலில் ஒருவரையும் அனுப்ப முடியவில்லை. தமிழ்த் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அந்த அரசாங்கத்திலேயே மந்திரியானார். அவரோடு ஒரே கட்சியிலிருந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் மலையகத்தாரின் குடியுரிமைக்காக வாதாடிப் பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இந்தச் செல்வநாயகம் எங்கே பிறந்தவர் தெரியுமா? நம் ஈப்போவில், 1898இல். நான்கு வயதளவில் தெல்லிப்பழைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். இன்று மலையகத்தாரை ஒதுக்கினால் நாளை நம்மையும் ஒதுக்குவர் என்பது அவர் எச்சரிக்கையின் சாரம். நடந்ததும் அதுவே. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. மாமியிடம் மறுமுறை போனபோது இதைச் சொன்னோம். "ஈப்போவிலோ பிறந்தவர்?" என்று கேட்டார், வேறொன்றும் சொல்லவில்லை. கேட்டாரே, அதுவே பெரிது.

அட்டன் சொந்தத்தின் கடைசிச் செய்தி நீலநிற விமானக் கடிதம் ஒன்று, 1967இல் எழுதியது. மாமனார் அதைப் பிறப்புப் பத்திரங்களோடு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். எழுதியவர் மூத்த சகோதரரின் மகன். அவர் எழுதியதன் பொருளை விளங்கிக்கொள்ள 1964ஐ அறிந்திருக்கவேண்டும். அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 மனிதர்களைப் பங்கு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது. அந்த மீதியை 1974இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நாம் கணக்கெழுதிப் பிழைப்பவர். மூட்டையைப் பிரிப்பதும் பாலைப் பிரிப்பதும் நமக்குத் தெரியும். ஒரே லயத்தில் ஒரே அடுப்பில் உண்டவர்களை இப்படிப் பிரித்துப் பேரேட்டில் எழுதிய எழுத்தர் கை என்னவாயிற்றோ என்று எண்ணினோம். கடிதத்தில் கண்டது இது: தகப்பனார் இந்தியாவுக்கு மனுப் போட்டிருக்கிறார், தமக்கை புருஷன் இலங்கைக்கு மனுப் போட்டிருக்கிறான், தமக்கு இன்னும் மனம் துணியவில்லை. அதற்குப் பின் கடிதம் இல்லை. அவர்கள் கூடலூர்க்கோ கோத்தகிரிக்கோ அனுப்பப்பட்டார்களா, அன்றி அட்டனிலேயே இருக்கிறார்களா என்பது அறியக்கூடவில்லை. தோட்டத்தின் பெயரில் மடிப்பு விழுந்து முதலெழுத்து தேய்ந்துபோயிற்று. "குரூப், அட்டன்" என்பது மட்டும் தெளிவு. குரூப் என்று முடியும் தோட்டங்கள் அங்கே எத்தனையோ!

இந்த ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு இலங்கையை மட்டும் பழித்தல் நேர்மையன்று. நம் நாட்டிலும் 1969க்குப் பிறகு வேலை அனுமதிப் பத்திரம் வேண்டுமென்ற சட்டத்தால் குடியுரிமை பெறாத தோட்டத்து மக்கள் பல்லாயிரவர், இங்கேயே பிறந்த பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்து செத்த முதியோரை நம் தோட்டத்திலேயே நாம் அறிவோம். அவர்களுக்காக எத்தனை மனு நிரப்பிக் கொடுத்திருக்கிறோம்! இப்பொழுது அதே மேஜையில் வங்காளதேசத்தினர், இந்தோனேசியர், நேப்பாளியர் பாஸ்போர்ட்டுகளைப் பதிகிறோம். பெரட்டுக் களத்தில் அவர்கள் வரிசையாக நிற்கும்போது நம் பாட்டனாரின் நாற்காலியில் அமர்ந்திருக்கிறோம் என்ற நினைவு சில நாட்களில் வருகின்றது. எல்லா நாளிலும் வருவதாகச் சொன்னால் பொய்யாகும்.

தோட்டத்தான் கண்ணுக்கு இலங்கை வேறொரு விதத்திலும் தாய்வீடு. 1869இல் அங்கே காப்பிச் செடியில் இலைத்துரு நோய் கண்டது. காப்பி அழிந்தது, தேயிலை வந்தது. நொடித்த காப்பித் துரைமாரிற் சிலர் மலாயாவுக்கு வந்தபோது கங்காணி முறையையும் கூடவே கொண்டுவந்தார்கள். ரப்பரோ, 1876இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து நாற்றாகச் சென்று கொழும்புக்கு வடக்கே எனரத்கொடையில் நடப்பட்டது. மறு ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றிற் சில கோலகங்சாரில் வேரூன்றின. கியூவிலிருந்து இலங்கைக்கு நாற்றுகளைப் பத்திரமாகக் கண்ணாடிப் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். அதற்கு முன்பே, மன்னார்க் கரையிறங்கி மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்த காப்பிக்காலத்துத் தமிழருக்குப் பெட்டியுமில்லை, பாதுகாப்புமில்லை. வழியிலேயே மாண்டவர் எண்ணிறந்தோர். 2023இல் மலையகத்தார் தங்கள் இருநூறாண்டு நிறைவில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவ்வழியே நடந்து சென்றார்கள். வாக்குரிமையும் குடியுரிமையும் ஓரளவு மீண்டன. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்றோர் நிலை முடிந்தது. கூலி? நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்பதற்கே 2021 வரை போராடவேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. அங்கே நமக்கு இருப்பதாகச் சொல்லப்படுவது இரண்டு பரப்புக் காணியும் ஒரு கிணறும். 1990இல் அவ்வூர் மக்கள் யாவரும் வெளியேற்றப்பட்டு, வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி பட்டாளத்தின் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. போர் ஓய்ந்தபின் சிறிது சிறிதாக விடுவித்து வருகிறார்கள், முழுவதும் விடுவித்தாரில்லை. நம் கிணறு கம்பிக்கு இப்பாலா அப்பாலா என்பதைப் போய்த்தான் பார்க்கவேண்டும். சுன்னாகத்தில் இருக்கும் தூரத்துச் சிறிய தகப்பனார் தொலைபேசியில், "வாங்கோ, பாப்பம்" என்று மட்டும் சொல்லுகிறார். கிணற்றைப் பற்றிக் கேட்டால் மாம்பழத்தைப் பற்றிப் பேசுகிறார். அவர் மகனொருவன் 2009இல் காணாமற்போனவன் என்று பிறகு அறிந்தோம். அவ்வாண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரின் இறுதி மாதங்களில் மாண்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாமென ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு 2011இல் எழுதிற்று. காணாமற்போனோரின் தாய்மார் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்து போராட்டம் தொடங்கினார்கள்; விடைபெறாமலே அவர்களுட் பலர் மறைந்தும் போனார்கள்.

நூலகத்தைப் பார்க்கவேண்டும். 1981 மே 31ஆம் நாள் இரவு கொளுத்தப்பட்டு 97,000 நூல்களோடு எரிந்தது. இன்று மறுபடி வெள்ளைவெளேரென்று நிற்கிறதாம். முற்றவெளியையும் பார்க்கவேண்டும். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியபோது நம் பாட்டனார் புதுச்சட்டை அணிந்து வேடிக்கை பார்க்கப் போனவர். அதை நடத்திய தனிநாயக அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர். ஊர்க்காவற்றுறையினர் என்பதில் பாட்டனாருக்குப் பெருமை சொல்லிமுடியாது. நான்காம் மாநாடு 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்திற் கூடி, கடைசி நாளில் போலீசார் புகுந்த கலவரத்தில் உயிர்கள் மாண்டன. செய்தி வந்த நாளில் பாட்டனார் மாநாட்டு மலரை எடுத்துத் துடைத்து மறுபடி அலமாரியில் வைத்தார் என்று தந்தையார் சொல்லுவார். தன் ஊர்க்காரர் நல்லவர், ஊருக்குத் தீங்கு செய்தவர் பிறர் என்ற கணக்கை மட்டும் கொண்டு நாம் போக விரும்பவில்லை. 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைச் சில மணி நேரக் கெடுவில் துரத்தியவர்கள் தமிழ்ப் புலிகளே. அவர்கள் வீட்டுக் கிணறுகளும் இருந்திருக்கும்.

பிரயாணத் திட்டம் எளியது. கொழும்பிலிருந்து முதலில் அட்டன். 2025 நவம்பர் இறுதியில் அடித்த டித்வா புயலில் மலைகள் சரிந்து, லயங்கள் புதைந்து, இருப்புப்பாதையும் பல இடங்களிற் சேதமுற்றது. ஆகவே ரயிலை நம்பாமல் பஸ்ஸுக்கு மனத்தைத் தேற்றிக்கொண்டோம். பின்னர் யாழ்ப்பாணம். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990இல் நின்றது. தண்டவாளமும் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 அக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் சேர்ந்தது. நம்மவர் யாழ்ப்பாணத்தை முதலில் வைக்கச் சொன்னார்கள். இம்முறை நாம் பேசினோம். அட்டன்தான் முதல்.

அட்டன் பகுதித் தோட்ட ஆபீசுகள் மூன்றுக்குக் கடிதம் எழுதியிருந்தோம், கிராணிக்குக் கிராணி என்ற உரிமையில். இரண்டிலிருந்து பதில் இல்லை. மூன்றாவதிலிருந்து ஒருவர் கைப்பேசியிற் செய்தி அனுப்பினார். பழைய செக்ரோல் புத்தகங்கள் ஸ்டோர் அறையில் கட்டிக் கிடக்கின்றனவாம், 1960களினதும் உண்டாம், புயல் மழையில் சில நனைந்துவிட்டனவாம், நேரில் வந்தால் இருவருமாக உட்கார்ந்து புரட்டலாமாம். தாம் அதே தோட்டத்து லயத்தில் பிறந்தவர் என்றும், கொழுந்தெடுத்த தாய்க்கு மகன் என்றும் கடைசி வரியில் எழுதியிருந்தார். அவ்வரியை மாமனாருக்கு வாசித்துக் காட்டினோம். அவர் எழுந்து உள்ளே போய்த் தம் தந்தையின் பால்வெட்டும் உளியை எடுத்துவந்தார். பிடி தேய்ந்து விரல் படும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. "அங்க யாராச்சும் இருந்தா இதைக் காட்டுங்க மாப்ள. சின்னப் பாட்டன் கைன்னு சொல்லுங்க" என்றார்.

கைப்பையில் வைத்தால் செப்பாங்கிற் பிடுங்கிக்கொள்வார்கள். பழைய வேட்டித் துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பெரிய பெட்டியின் அடியில் வைத்தாயிற்று. அதன்மேல் சிறிய தகப்பனாருக்கு மைலோ டின் இரண்டு, துணைவியார் கிள்ளானில் வாங்கிய சேலைகள் நான்கு. சேலை யாருக்கென்று கேட்டோம். இருந்தால் கொடுப்பதற்கு என்றார். நேற்று மாமி ஆள் அனுப்பிச் சிறிய பொட்டலம் ஒன்று கொடுத்திருந்தார். நல்லூர்க்குக் காணிக்கை ஐம்பது வெள்ளி ஒரு கவரில். மற்றொரு கவரில் இன்னொரு ஐம்பது வெள்ளி, மேலே நடுங்கும் கையெழுத்தில் "அட்டன்" என்று மட்டும் எழுதியிருந்தது. விடுப்புக் கடிதத்தில் மேலாளர் இன்னும் கையெழுத்திடவில்லை. நாளை ஐந்தரை மணிப் பெரட்டு முடிந்தவுடன் நினைவூட்ட வேண்டும்.